டாக்குரியாவில் ஹவாய் ராணியின் அறை

அமெரிக்கா கடல் கடந்து நாடு பிடித்த கதையைப் படிக்கக் கல்கத்தாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அமெரிக்காக்காரன் புடிச்சத அமெரிக்காவுலல்லா போயிப் படிக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் சொல்வதை வீட்டில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் விடுவதுமில்லை.

அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவுக்குத் தன் மண் போதவில்லை. மேற்கே பசிபிக் கரை வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அதற்கு மேல் தண்ணீர்தான். உடனே தண்ணீரைத் தாண்டியது. ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ என்று சில ஆண்டுகளுக்குள் தீவு தீவாகக் கைக்கு வந்தன. அப்போது கல்கத்தா உலகத் துறைமுகம். எந்தக் கடலில் எந்தக் கப்பல் என்ன ஏற்றிப் போகிறது என்பது இங்கத்திய ஆங்கிலச் செய்தித்தாள்களில் அன்றாடம் வந்தது. அந்தத் தாள்கள் இன்னமும் இந்த ஊர் நூலகத்தில் இருக்கின்றன. என் ஆய்வுக்கு அவை வேண்டும்.

ஹவுராவில் இறங்கியதும் மெட்ரோ. ஒரு இடத்தில் ஜன்னலுக்கு வெளியே சுரங்கச் சுவர் நீல வெளிச்சமானது. பக்கத்தில் இருந்தவர் விரலை மேலே காட்டி, “கங்கா” என்றார். தலைக்கு மேல் ஆறு ஓடுகிறது, அதில் படகு போகிறது, நான் கீழே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தாமிரபரணிக்கு அடியில் ஒரு குழாய் பதிக்கவே எத்தனை கூட்டம் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே வந்ததும் அந்தப் பெருமிதம் போய்விட்டது. ஆட்டோவில் ஏறி, நம் ஊர்ப் பழக்கத்தில் வீட்டு முகவரியைச் சொன்னேன். உள்ளே ஏற்கெனவே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். இங்கே ஆட்டோ என்பது சின்ன பஸ். அதற்கு ஒரு தடம் உண்டு, தடத்தைவிட்டு ஓர் அடி விலகாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி இடுப்பை வெளியே விட்டபடி டாக்குரியா பாலத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

நான் தங்கியது வசந்தி அக்கா வீட்டில். என் கல்லூரித் தோழன் செந்திலின் கூடப்பிறந்த அக்கா. அத்தான் துறைமுகத்தில் வேலை, மாற்றலில் வந்து பல வருடமாகிறது. “வாலே, மெலிஞ்சு போயிருக்க” என்று கதவைத் திறந்த அக்கா, அடுத்த மூச்சில் மாடிப்படியில் நின்ற பெண்ணிடம் வங்காள மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் அவளை “பௌதி” என்று கூப்பிட்டாள். அண்ணி என்று அர்த்தமாம். “பாராவுல எல்லாருக்கும் நான் பௌதிதான்” என்றாள் அக்கா. பாரா என்பது நாலைந்து தெரு சேர்ந்த வட்டாரம். சாதி, ஊர் எல்லாவற்றையும் விட இங்கே அதுதான் பெரிய உறவு.

இரவுச் சாப்பாட்டில் சாம்பாரும் இருந்தது, மீன் தலை போட்ட பாசிப்பருப்பும் இருந்தது. மீன் தலை என்னைப் பார்த்தது. “மாப்ள, கண்ணப் பாக்காம தின்னு, ருசியா இருக்கும்” என்றார் அத்தான். பார்க்காமல் தின்றேன். உண்மையிலேயே ருசியாக இருந்தது.

மறுநாள் நூலகம் இருக்கும் அலிப்பூருக்கு பஸ். இங்கே பஸ் நிற்பதில்லை, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது கண்டக்டர் “இடது கால், இடது காலை முதலில்!” என்று வங்காள மொழியில் கத்தினாராம். எனக்கென்ன தெரியும்? வலது காலை வைத்தேன். நேராகப் போய் ஓர் இளநீர்க்காரரின் மடியில் விழுந்தேன். அவர் திட்டவில்லை. நிமிர்த்திவிட்டு, தூசியைத் தட்டிவிட்டு, ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

நூலகத்தில் துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய அவசரம். கிடைத்த நேரத்தில் பழைய கப்பல் செய்திகளைப் பார்த்தேன். புறப்படும் சரக்குகளில் கோணிப் பை, மறுபடியும் கோணிப் பை. ஹவாயில் விளைந்த சர்க்கரையைக் கட்டியது பெரும்பாலும் கல்கத்தாக் கோணி என்று முன்பே படித்திருந்தேன். அதே ஊரின் பழுத்த தாளில் அதன் சுவட்டைப் பார்த்ததும் அந்த வரிகளை நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா, “ஒனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு காட்டுதேன், வா” என்று கூட்டிப்போனாள். கோயிலாக இருக்கும் என்று நினைத்தேன். பாராவின் கிளப் மைதானம். மூங்கிலும் கோணியும் வைத்து மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கப்பல் நின்றது.

நம் பக்கம் பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் என்றால் ஓலை, சீரியல் செட், காது கிழியும் பாட்டு. இங்கே துர்கா பூஜைக்கு ஒவ்வொரு பாராவும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு கலைஞரிடம் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறது. ஒரு வருடம் தண்ணீர்ப் பஞ்சம், இன்னொரு வருடம் அகதிகள். இந்தப் பாராவில் இந்த வருடம் அமெரிக்கா தீவுகளைப் பிடித்த கதை! ஒரு தெரு முழுக்கக் கூடி, வாசலில் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு என் ஆய்வுத் தலைப்பைக் கட்டி வைத்திருக்கிறது.

கலைஞர் பெயர் மித்தாலி. நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை பசை. “இவர்தானா பௌதி, உங்கள் அமெரிக்கா மாஸ்டர்? உள்ளே வாருங்கள், தப்பிருந்தால் திட்டுங்கள்” என்றார். அவர் வங்காள மொழியில் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொல்லிவந்தாள்.

கப்பலின் வயிற்றுக்குள் நுழைகிறோம். நிலக்கரி இருட்டு. அதைத் தாண்டினால் மூங்கில் கரும்புத் தோட்டம், அடுக்கிய சர்க்கரை மூட்டைகள். நிமிர்ந்தால் கூரையிலிருந்து தீவுகள் தொங்குகின்றன. கவிழ்த்த பிரப்பங்கூடைகள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் விளக்கு. மித்தாலி ஒரு சுவிட்சைத் தட்டினார். ஒரு பெண் குரல் ‘ஹவாய்’ என்றது. ஒரு கூடை மஞ்சளிலிருந்து வெள்ளையாகியது. ‘குவாம்.’ இன்னொன்று. குவாமில் அமெரிக்கக் கப்பல் குண்டு போட்டபோது, அந்தத் தீவை ஆண்ட ஸ்பெயின் அதிகாரிகளுக்கு அமெரிக்காவோடு சண்டை தொடங்கியதே தெரியாது. மரியாதைக்குச் சுடுகிறார்கள் என்று எண்ணி, பதில் மரியாதை செய்ய மருந்தில்லையே என்று வருத்தம் தெரிவிக்கப் படகில் போனார்கள். ‘பிலிப்பைன்ஸ்.’ அங்கே மட்டும் விளக்கு வெகுநேரம் துடித்தது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடி விடுதலை என்று அறிவித்த ஜனங்கள், அடுத்த எஜமானோடும் போராட வேண்டியிருந்ததல்லவா? கடைசியில் அதுவும் வெள்ளையானது. பாட்டில்லை, வசனமில்லை. நான் எழுதி எழுதி அடித்த ஓர் அத்தியாயத்தை இவர் சுவிட்சில் சொல்லிவிட்டார்.

“தப்பிருக்கா?” என்றார்.

“இல்லை” என்றேன்.

தீவுகளைத் தாண்டினால் ஒரு ஜன்னல், அதற்குள் ஓர் அறை. ஹவாயின் கடைசி ராணியின் அறை. சர்க்கரைத் தோட்டக்காரர்கள் சதி செய்து, அமெரிக்கக் கப்பற்படை கரையிறங்கி, அவளைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். பின்னால் அவளுக்காகச் சிலர் கிளர்ந்து தோற்றபோது, அவளுடைய அரண்மனையிலேயே ஒரு மாடி அறையில் பூட்டி வைத்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்து ராணி துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தாள். இது நடந்த கதை.

மித்தாலி ராணியைச் செய்யவில்லை. ஒரு நாற்காலி, அதன்மேல் பாதி தைத்த போர்வை, நூலில் தொங்கும் ஊசி. அவ்வளவுதான். போர்வையைத் தைத்தது பாராப் பெண்கள். பழைய புடவைகளை அடுக்கி ஓடுதையல் போடும் காந்தா வேலை இவர்களுக்குக் கைவந்தது. ஆளுக்கொரு துண்டு. நடுவில் ஒரு சுங்குடித் துண்டைப் பார்த்ததும் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

“எம் புடவைதான். மத்தியானம் ஒறங்காம தச்சது தம்பி. இங்க வந்து இத்தன வருசத்துல ஒரு வாத்த மனசு விட்டுப் பேச ஆளு கெடையாது. போர்ட் ஆபீசர் பொஞ்சாதின்னு கதவச் சாத்திட்டுக் கெடப்பேன். இதத் தைக்கப் போயித்தான் நான் பௌதி ஆனேன்.” அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இதப் பிரிச்சிப்போடணுங்காவ இப்ப.”

கிளப்புக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் காரணம் கிடந்தது. கோடு போட்ட கால்சட்டை, நட்சத்திரத் தொப்பி, ஆளுயரக் கை. அமெரிக்காக்காரன் பொம்மை. ராணி அறையை எடுத்துவிட்டு அங்கே இவனை நிறுத்த வேண்டும் என்பது கமிட்டித் தலைவர் தபன்தாவின் பிடிவாதம். ‘தா’ என்றால் அண்ணன். அறை போனால் நான் போகிறேன், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று மித்தாலி சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் கிளப்பில் கூட்டம். கேரம் பலகையைச் சுற்றி நாற்காலிகள், மண் குவளையில் தேநீர், பொரியோடு சூடாக வெங்காய பஜ்ஜி. நம் ஊரில் இந்நேரம் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் பஜ்ஜி தின்றுகொண்டு காத்திருக்கிறார், பிறகு இரு மடங்கு சத்தத்தில் ஆரம்பிக்கிறார்.

தபன்தா தடித்த கண்ணாடி, மடியில் குடை. “காலி நாற்காலியைப் பார்க்க எவன் வரிசையில் நிற்பான்? என் வீட்டிலேயே நாலு இருக்கு. வருகிறவன் சிலை இன்னும் முடியலையான்னு கேப்பான். தொப்பிக்காரன் நின்னா குழந்தைக்கும் புரியும்.”

“குழந்தைக்குப் புரியும், பெரியவர்களுக்குப் புரியாமல் போய்விடும்” என்றார் மித்தாலி.

நம் ‘பாட்டி வடை சுட்ட கதை’ போல ஒரு வங்காளக் குழந்தைக் கதையை யாரோ சொல்லிக் கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தபன்தா என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர்மோஷாய், நீங்கள் படித்தவர். நீங்களே சொல்லுங்கள்.” மாஸ்டர்மோஷாய் என்றால் வாத்தியார் ஐயா.

எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். தொப்பி போட்ட ஒரே ஆள் தனியாக வந்து அந்தத் தீவைப் பிடிக்கவில்லை. தோட்டக்காரன், வியாபாரி, கப்பல்காரன், சர்க்கரையை வாங்கித் தின்றவன் எல்லோரும் சேர்ந்துதான் பிடித்தார்கள். ஏன், அந்தச் சர்க்கரையைக் கட்டிய கோணியே இந்த ஹூக்ளி ஆற்றங்கரை மில்களில் நெய்ததுதான். தொப்பிக்காரனைக் காட்டினால் எல்லாப் பழியும் அவனுக்கு என்று நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம்.

நன்றாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். அக்கா மொழிபெயர்க்காமல் தலையைக் குனிந்திருந்தாள். தபன்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“என் தாத்தா சணல் மில்லில் தறிக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா கோணி மடித்தார். நான் அதே மில் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். சொல்லுங்கள் மாஸ்டர்மோஷாய், அந்த ராணியைப் பூட்டியது நாங்களா?”

தபன்தா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மித்தாலி என்னைப் பார்த்த பார்வையில், உதவிக்கு வந்தவனா நீ என்ற கேள்வி இருந்தது.

“மாப்ள, ஒன் நாக்குல சனி உக்காந்திருக்கான்” என்றார் அத்தான், விவரம் கேட்டுவிட்டு. அக்கா என் பக்கம் திரும்பாமல் தோசைத் தட்டை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். சட்னி கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலையில் தபன்தாவைத் தேடி, அவர் நடக்கப் போகும் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே நடப்பவர்களைவிட உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதிகம். ஒரு பெஞ்சில் தனியாக இருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு எழுந்து நடந்தார். தொன்னையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் வாங்கிக் கொடுத்தார். ஆங்கிலமும் இந்தியுமாகப் பேசினோம்.

“அப்பா என்ன வேலை?”

“லாரிக்கு மூட்டை ஏத்தி இறக்குவார்.”

“என்ன மூட்டை?”

“அரிசி, உளுந்து. கோணி மூட்டைதான்.”

அவர் வாயில் கச்சோரியோடு சிரித்துவிட்டார். புரையேறியது. “அப்படின்னா நாம் ஒரே கம்பெனி!” என்று என் தோளில் குத்தினார். தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கோணி நெய்கிறவன் உள்ளே என்ன போகுதுன்னு கேட்டா அவனுக்குச் சோறு கிடைக்காது. உங்க அப்பா கேப்பாரா?” என்றார்.

“கேட்க மாட்டார்.”

“நானும் கேட்டதில்லை. நேத்து நீங்க சொன்ன பிறகு ராத்திரி படுக்க முடியலை. அதுக்காக நீங்க பேசின விதம் சரின்னு நினைக்காதீங்க.” கையை உதறினார். “ஒரு சாயங்காலம் தர்றேன். திறப்பு நாள் மட்டும். ஜனங்க காலிக் கடையைத் தாண்டற மாதிரி பார்க்காமப் போனா, விடியறதுக்குள்ள தொப்பிக்காரன் ஏறிடுவான். நின்னு நின்னு வரிசை அடைச்சாலும் ஏறிடுவான். சந்து குறுகல், போலீஸ் கண்டிப்பாச் சொல்லியிருக்கு.”

செய்தியைக் கேட்டதும் மித்தாலி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். “நிற்காமல் போகவும் கூடாது, நிற்கவும் கூடாதா? மனுஷங்களா, பேயா வரப்போறது?” ஆனால் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திறப்பு நாள் சாயங்காலம். தாக் என்கிற பெரிய மேளம் அடிவயிற்றில் அதிர்ந்தது. விளக்கு போட்டதும் கப்பல் கடலில் நிற்பது போலவே இருந்தது. டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பேர் ஒரே சந்தில், தள்ளாமல், புதுத்துணி கசங்காமல்! தீவு விளக்குகள் மாறும்போது வரிசையே மூச்சுப் பிடித்து நின்றது. ஒரு கல்லூரிப் பையன் தன் தோழிக்குப் பிலிப்பைன்ஸ் போரை விளக்கிக்கொண்டிருந்தான், முக்கால்வாசி சரியாக.

ஆனால் ராணியின் ஜன்னலில் யாரும் நிற்கவில்லை. அடுத்த வளைவில் தேவி இருக்கிறாள், கண் எல்லாம் அங்கே. போனைத் தூக்கிப் பிடித்தபடி கடந்தார்கள். ஒருவன் போனைக் கண்ணாடியாக்கித் தலையைச் சீவிக்கொண்டே போனான். “இங்கே சிலை இன்னும் வரலியா?” என்று ஒருவர் கேட்டார். தபன்தா எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் பையன்கள் தொப்பிக்காரனின் கால்களைத் தார்ப்பாயிலிருந்து எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டார்கள். அக்கா பட்டுப் புடவையில் ஜன்னலோரம் நின்றாள். அவள் போகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். எந்தக் காலாவது நிற்கிறதா என்று.

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நின்றது. ஆஸ்பத்திரி ஆயா போல நீலக்கரைப் புடவை, தோளில் பை. வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். ஜன்னலுக்குள் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாள். அவர்கள் பேசியது இது, அக்கா பிறகு சொன்னபடி.

“யார் வீடு இது?”

“ஒரு ராணி வீடு. அவளை அவள் வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்.”

“யாரு?”

“அமெரிக்காக்காரன். அவனோடு சேர்ந்த வியாபாரிகள்.”

“பூஜைக்குக் கூடவா விடலை?”

“விடலை.”

“அம்மா வீட்டுக்காவது அனுப்பலாமில்ல? அவ அம்மா வீடு எங்கே?”

“அதுவும் இதுதான்” என்றாள் அக்கா.

வங்காளிகளுக்கு இந்தப் பூஜை நாட்களில் துர்கா வெறும் சாமி அல்ல. கட்டிக்கொடுத்த மகள், பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். சில நாளில் திரும்பிவிடுவாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். மண்டியிட்டு, ஜன்னலின் அடி மூங்கிலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்தவர்களுக்கு ஒரு கதையும் தெரியாது. முன்னால் ஒருத்தி கும்பிடுகிறாள், அது போதும். அடுத்தவளும் செருப்பைக் கழற்றினாள். “இது தாயோட எந்த ரூபம்?” என்று ஒரு கிழவர் கேட்க, “ராணி ரூபம், வீட்டுக்குள்ளேயே அடைச்சு வச்சிருக்காங்களாம்” என்று இன்னொருவர் சொல்ல, கதை வரிசையின் பின்பக்கம் ஓடியது. எங்கோ பசிபிக்கின் நடுவில் முடியிழந்த ஒரு பெண்ணுக்கு, டாக்குரியாவில், அலுவலகம் முடிந்து வந்தவர்கள் கைகூப்பி நின்றார்கள். நான் படித்த எந்தப் புத்தகமும் என்னை இதற்குத் தயார் செய்யவில்லை.

“ஐயோ, கும்பிடுவதற்கா வைத்தேன்? இது கோயில் இல்லையே” என்று மித்தாலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

வரிசை நின்றுவிட்டது. சந்து வரை அடைத்துவிட்டது. செருப்புகள் குவிந்தன. வாசலில் போலீஸ்காரர் விசிலடித்து, “நகருங்க, நகருங்க” என்றார். யாரும் நகரவில்லை. நிற்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்? பின்பக்கத்துப் பையன்கள் தொப்பிக்காரனின் காலைத் தூக்கிக்கொண்டு தபன்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

தபன்தா மைக்கை வாங்கினார். இரண்டு முறை ஊதிப் பார்த்தார். மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். சந்து முழுக்க அவர் குரல் கேட்டது.

“தாயைப் பார்க்கிறவர்கள் இடது பக்கம் நேராகப் போகவும். ராணியைப் பார்க்கிறவர்கள் வலது பக்கம் தனி வரிசையில் நிற்கவும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் கமிட்டி பொறுப்பல்ல.”

தொப்பிக்காரனின் கால்கள் கீழே போடப்பட்ட சத்தம் கேட்டது. முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. திரும்பினேன். இரண்டு நாளாகப் பேசாத அக்கா.

“என்னல முழிச்சிட்டு நிக்க? வலப்பக்கம் வா. செருப்பக் கழத்து.”